பத்துமலைக்குப் போகுமா பழைய பிக்கப்?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பாசிர் கூடாங், மாசாய், உலு திராம் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டம் விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கும் நம் மக்கள் வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான். பத்துமலைக்கு யார் யார் போவது, எதில் போவது? ஐந்து பேர், காவடிச் சாமான், சமையல் பாத்திரம், பிள்ளைகளுக்குப் பாய், தலையணை என்று சேர்ந்துவிட்டால் பஸ் பிரயாணம் ஒத்து வராது. "நம்ம பிக்கப் இருக்கே, அதுலயே போயிடலாம்" என்று யாராவது ஒருத்தர் சொல்வார். சொன்னவுடன் எல்லாருக்கும் சந்தோஷம். பிக்கப்பை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பிக்கப் யாருடையது? பெரும்பாலும் நம் ஆள் ஒருவர், செம்பனைக் குலை ஏற்றவோ, புல் வெட்டும் கொந்துராக் வேலைக்கோ, உரமூட்டை இறக்கவோ மூன்றாவது கையாக வாங்கியதாக இருக்கும். ஹைலக்ஸ், இசூசு, மிட்சுபிசி ஸ்டோர்ம், போர்ட் ரேஞ்சர், இப்படி ஏதாவது ஒன்று. மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அல்லது இரண்டு லட்சத்தில் நின்றுபோய் நாலு வருஷமாகியிருக்கும். வாரத்தில் ஆறு நாள் குடும்பத்துக்குச் சோறு போடுகிற வண்டி அது. வழியில் எஞ்சின் போய்விட்டால் பூசம் மட்டுமா போகும்? திங்கட்கிழமை வேலையும் போகும். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பம் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவைத் தாங்காது. ஆகவேதான் இந்த வாரம் நாம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

"நம்ம வண்டி தினமும் ஓடுது, ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தோட்டத்துச் சடக்கில் வண்டி ஓடுவது முப்பது கிலோமீட்டர் வேகத்தில். பத்து நிமிஷம் ஓட்டம், அரைமணி நேரம் நிறுத்தம், மறுபடி பத்து நிமிஷம். நெடுஞ்சாலையோ வேறு கதை. பாசிர் கூடாங்கிலிருந்து பத்துமலை 350 கிலோமீட்டருக்குக் குறையாது. பினாங்குத் தண்ணீர்மலைக்கு என்றால் கிட்டத்தட்ட 700. நாலு மணி நேரம் விடாமல், நிறைய ஆளோடும் பாரத்தோடும், 90, 100 வேகத்தில் போகவேண்டும். பாதி அடைத்துப்போன ரேடியேட்டர் தோட்டத்தில் தன் குறையைக் காட்டாது. யோங் பெங் தாண்டுவதற்குள் காட்டிவிடும். வயதான டயர் செம்மண் சடக்கில் ஐந்து வருஷம் கூட உழைக்கும். தார்ச்சாலைச் சூட்டில் அரை நாள் தாங்குமா என்பதுதான் கேள்வி. தினசரி ஓட்டம் நெடும்பிரயாணத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

அதனால் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பட்டறைக்குப் போகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூன்று வாரம் முன்னதாகவே பார்க்கத் தொடங்கவேண்டும். புதிதாகப் போட்ட சாமானும் சில நாள் ஓடிப் பார்த்தால்தான் சரியாகப் பொருந்தியதா என்று தெரியும். எல்லா வேலையும் முடிந்தபின், பின்னால் நாலு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு கோத்தா திங்கி வரை ஒரு தடவை போய்த் திரும்பி வந்து பாருங்கள். ஒழுகுவது, ஆடுவது, சத்தம் போடுவது எல்லாம் அந்த ஓட்டத்தில் வெளியே வந்துவிடும். நடுராத்திரியில், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வெளியே வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

முதலில் சூடு. டீசல் பிக்கப் நெடுஞ்சாலையில் நின்றுபோவதற்கு நாம் அறிந்தவரை முதல் காரணம் இதுதான். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துரு நிறமாக, செம்மண் கரைத்த மாதிரி இருந்தால் உள்ளே துரு அடைத்திருக்கிறது என்று பொருள். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரையும் பைப்புத் தண்ணீரையும் வருஷக்கணக்காக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். துருவைத் தடுக்கும் கூலண்டைச் சரியான அளவில் கலந்து ஊற்றவேண்டும். வெறும் தண்ணீர் மலிவு, ரேடியேட்டர் மலிவல்ல. ரேடியேட்டருக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் புல்விதையும் பூச்சியும் மண்ணும் கூட்டுக்கு நடுவில் அப்பியிருப்பது தெரியும். புல் வெட்டும் வேலைக்குப் போகிற வண்டியில் இது நிச்சயம். தண்ணீரை மெதுவாக உள்ளிருந்து வெளியே அடித்துக் கழுவவேண்டும். பலமாக அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றே புகாது.

மூடியை யாரும் மதிப்பதில்லை. அந்த மூடியின் ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, நூறு டிகிரி தாண்டியும் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் காக்கிறது. ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடி, மூடாத மூடிக்குச் சமம். ரப்பர் குழாய்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள்: கல் மாதிரி இறுகிப்போயிருந்தாலும் தப்பு, பஞ்சு மாதிரி ஊறிப்போயிருந்தாலும் தப்பு. பேன் பெல்ட்டை மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது பேனைக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். லேசான இழுப்போடு நிற்கவேண்டும். காற்றாடி மாதிரி பல சுற்று சுற்றிக்கொண்டே போனால் அதன் நடுவிலுள்ள கிளச்சு செத்துவிட்டது. தோட்டத்தில் அது இல்லாமலும் ஓடும். டோல் சாவடிக் கூட்டத்தில் அரைமணி நேரம் நின்றால் முள் சிவப்புக்குப் போகும்.

ஒரு வேளை வழியில் முள் ஏறிவிட்டால் ஏர்கோனை அடைத்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்துபோனவர்கள் உண்டு. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆகாது. சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும்.

அடுத்து பிரேக். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் தோட்டத்துப் பிக்கப்புக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. அது உரம். செம்பனைக்குப் போடுகிற உரத்தில் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு அது. சமையல் உப்புக்குத் தம்பி முறை. மூட்டை கிழிந்து சிந்தின உரம் பின்பெட்டியின் இடுக்கு வழியாக இறங்கிச் சேஸில் தங்கும். மழை பெய்தால் கரையும். கரைந்தால் இரும்பைத் தின்னும். பாசிர் கூடாங்கில் கடல் காற்று வேறு. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கீழே படுத்துப் பார்த்தால் பின் ஆக்சிலுக்கு மேலே போகும் மெல்லிய பிரேக் எண்ணெய்க் குழாய் துருப்பிடித்து, நகத்தால் சுரண்டினால் உதிரும் நிலையில் இருக்கும். தோட்டத்தில் மெதுவாக மிதிக்கும் பிரேக்குக்கு அது தாங்கிக்கொண்டிருக்கும். முன்னால் போகிற லோரி திடீரென்று நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அமுக்கி மிதிக்கிறீர்களே, அந்த மிதியில்தான் அது வெடிக்கும். நல்லவேளையாக முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எண்ணெய் தனித்தனி வழியில் போவதால் பாதி பிரேக்காவது மிஞ்சும். ஆனால் ஐந்து பேரும் பாரமும் இருக்கிற வண்டியை நிறுத்தப் பாதி பிரேக் போதாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறோம். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பெடலை அழுத்தி மிதித்து ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது; வெளியே ஒழுக்குத் தெரியாவிட்டால் மாஸ்டர் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். அந்த வண்டி எங்கேயும் போகக்கூடாது. பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டிஓடி 3 என்ற சாதாரண வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, பெடல் வெற்றுக்கால் மிதி மாதிரி தரை வரை போய்விடும். பினாங்குப் பக்கம் போகிறவர்கள் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலை இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர்தான் என்று பழைய லோரிக்காரர்கள் சொல்வது பிக்கப்புக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம், பல போர்மன்களே கவனிக்காமல் விடுவது. பழைய டீசல் பிக்கப் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்குப் பின்புறம் ஒரு சின்ன வாக்குவம் பம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கை லேசாக்குவது அதுதான். அதற்கு எஞ்சின் எண்ணெயைக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய் சூட்டில் காய்ந்து வெடித்தால், ஓட ஓட எஞ்சின் எண்ணெய் முழுக்க ரோட்டில் கொட்டிவிடும். சிறிய குழாய்தான், ஆனால் அதனால் போகிறது பெரிய எஞ்சின். ஆல்டர்னேட்டரின் முதுகில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட் எல்லா வண்டிக்கும் இல்லை. இசூசுவின் பழைய 4ஜேஏ1 எஞ்சின் பல்சக்கரத்தில் ஓடுவது. அந்தக் கவலை இல்லை. பழைய ஹைலக்ஸின் 2எல், ஸ்டோர்மின் 4டி56 போன்றவை பெல்ட்டில் ஓடுபவை. 2எல் வண்டிகளில் லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு விளக்கு எரியும். மூன்றாவது கையாக வாங்கிய வண்டியில் அந்த விளக்கின் பல்பையே யாராவது கழற்றியிருப்பார்கள்! 4டி56க்கு உள்ளே இரண்டு பெல்ட்; சின்னது அறுந்து பெரியதில் சிக்கி இரண்டும் போவது உண்டு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் பேச ஒன்றுமில்லை. கடைசியாக எப்போது மாற்றியது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றும்போது அதன் டென்ஷனர் பேரிங்கையும், தண்ணீர்ப் பம்பு அந்தப் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது லாபம். இரண்டாவது கூலி மிச்சம்.

இனி டீசல். இது நம் தோட்டத்தோடு சம்பந்தப்பட்டது. பாசிர் கூடாங் துறைமுகத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் பெரிய தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் அறுத்துப் போடும் குலையின் எண்ணெய் சுத்திகரிப்பாகி, கப்பல் ஏறுவது 1977இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான். அந்தச் செம்பனை எண்ணெயில் ஒரு பங்கு வெளிநாடு போகாமல், மெதனோலோடு சேர்த்துப் பதப்படுத்தப்பட்டு, பயோடீசலாகி நம் எண்ணெய் நிலையத்துக்கே திரும்பி வருகிறது. 2011இல் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று ஆரம்பித்த கலப்பு, 2019இல் போக்குவரத்து வாகனங்களுக்குப் பத்து பங்கானது. நம் கை அறுத்த குலை நம் வண்டியில் எரிவது பெருமைதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: பழைய டாங்கியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். தண்ணீரையும் சாதாரண டீசலைவிட அதிகமாகப் பிடித்துவைக்கும். ஆகவே வயதான வண்டியில் டீசல் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தோட்டத்தில் தெரியாது, மேட்டில் காலை முழுக்க அமுக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும். பிரயாணத்துக்கு முன் புதுப் பில்டர் போட்டு, இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பில்டருக்கு அடியிலுள்ள திருகை நெகிழ்த்தித் தேங்கின தண்ணீரை இறக்கவேண்டும். டீசல் போகும் ரப்பர்க் குழாய் வியர்த்தது போல் ஈரமாக இருந்தால் மாற்றவேண்டும்.

டீசல் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதியுள்ளவர்களுக்கு அரசாங்கம் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தது. பத்துமலைக்குப் போய்வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 70 லிட்டர். ஒரே நாளில் அந்தப் பிரயாணத்தின் செலவு 84 வெள்ளி கூடிப்போனது. இந்த மாதிரி ஏற்றம் வந்தால் நம் ஆட்கள் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில்தான். அது தலைகீழ்க் கணக்கு. தூசி அடைத்த காற்றுப் பில்டரும் காற்றுக் குறைந்த டயரும் டீசலைத்தான் குடிக்கும். பின்னால் கரும்புகை கக்கினால், நம் காசுதான் எரியாமல் போகிறது என்று அர்த்தம்.

புகையைப் பார்த்தே எஞ்சின் நிலையைச் சொல்லலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை; சூடான பின்னும் நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். தே தாரேக் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து. தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன. அந்த வண்டியை அப்படியே பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு டிக்கெட் தேட வேண்டியதுதான்.

வயதான எஞ்சின் எண்ணெய் குடிக்கும். குடிப்பது குற்றமில்லை, எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் குற்றம். புது எண்ணெய் ஊற்றிக் குச்சியில் அளவு பார்த்து, 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். இறங்கிய அளவைக் கொண்டு வழிக்கு எத்தனை லிட்டர் எடுத்துப் போகவேண்டும் என்று கணக்குப் போடலாம். கியர்பெட்டி எண்ணெயையும் பின் ஆக்சில் எண்ணெயையும் மறந்துவிடாதீர்கள். வெள்ளத்தில் இறங்கி ஓடின வண்டியானால் இது கட்டாயம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி முழுகியதே, அந்த மாதிரி வெள்ளமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சக்கரத்தின் பாதி நனைகிற சாதாரண மழைக்காலச் சடக்கே போதும். சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்தால் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடித்திருகை நெகிழ்த்திப் பார்த்தால் பால் மாதிரி எண்ணெய் வரும். மாற்றாமல் ஓட்டினால் பல்சக்கரம் ஊளையிடும், பிறகு உடையும்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பாசிர் கூடாங் மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கு ஆளாகி, 111 பள்ளிக்கூடங்களை மூட நேர்ந்தது. நம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாலைந்து லிட்டர் எண்ணெய் அந்தக் கழிவுக்கு ஈடல்ல என்றாலும், சட்டப்படி அதுவும் அட்டவணையிட்ட கழிவுதான். பழைய போத்தலில் ஊற்றிப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். வாங்கிப் போக ஆள் உண்டு.

டயரைப் பற்றி ரப்பர்த் தொழிலாளிக்கு நாம் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். ரப்பருக்கு வயது உண்டு. பட்டை தேயாவிட்டாலும் வெயிலும் காற்றும் அதைக் கிழடாக்கும். டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருஷம் தாண்டினால் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். பத்து வருஷமானால் தேயாவிட்டாலும் தூக்கிப் போடவேண்டும். பக்கச்சுவரில் முடி முடியாக வெடிப்பு ஓடினால் அதுவே போதும் அடையாளம். செலுப் டயர் தோட்டத்துச் சடக்குக்கு ஆகும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஓட, முன்சக்கரத்தில் போடாதீர்கள் என்போம். காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். பாரத்தோடு போகும்போது பின்டயருக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும்.

ஸ்பேர் டயர்? அது பின்பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. ஆனால் அந்தச் சங்கிலியைச் சுற்றி இறக்கும் கருவியும் மேலே சொன்ன அதே உரத்தில் துருப்பிடித்திருக்கும். காற்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். டயர் இருந்தும் இறங்காமல் ரோட்டோரத்தில் நின்றவர்கள் நிறைய. ஜாக், கைப்பிடி, ஸ்பேனா மூன்றும் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வாடகைக்கு எடுத்துப்போன மச்சான் ஒருவேளை திருப்பி வைத்திருக்க மாட்டார்.

சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால்ஜாயிண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் டைராடும் தேய்ந்திருப்பது தெரியும். பின் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றாவது வெடித்திருக்கிறதா, அதைப் பிடிக்கும் யூபோல்ட் நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குலை ஏற்றும் வண்டியில் இது சகஜம். புரோப்பல்லர் சாப்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்கவேண்டும்.

பட்டறையில் பேச்சு பொதுவாக எப்படி நடக்கிறது? "என்ன போர்மன், எல்லாம் ஓக்கேதானா?" "ஓக்கே அண்ணே, ஓடும்." காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். 'ஓடும்' என்றால் எதுவரைக்கும்? அப்படிக் கேட்கக்கூடாது. "தம்பி, பின்சக்கரம் டிரம்மைக் கழற்றிப் பார்த்தியா? லைனிங் எவ்வளவு இருக்கு, காட்டு. இந்தக் குழாய் எப்படி இருக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். நல்ல போர்மன் கோபப்பட மாட்டார். கழற்றின சாமானைக் கையில் கொடுத்துக் காட்டுவார். ஹாப்கட் கடையில் பழைய சாமான் வாங்குவதில் தவறில்லை. ஆல்டர்னேட்டர், கண்ணாடி, கதவு எல்லாம் அங்கே மலிவாகக் கிடைக்கும். பிரேக் சாமான், ரப்பர்க் குழாய், பெல்ட் இவற்றை மட்டும் புதிதாகவே வாங்கவேண்டும்.

காசு போதவில்லை என்றால் எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் அபிப்பிராயம்: முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு ரேடியேட்டரும் குழாய்களும், பெல்ட் வண்டியானால் பெல்ட். மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஸ்போர்ட் ரிம்முக்கும் பாட்டுப்பெட்டிக்கும் கூத்துப்பணம் எடுத்து, பிரேக் லைனிங்கை 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளும் இளைஞர்கள் நம்மில் இருக்கிறார்கள். வீட்டில் தாய்மார்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் நல்லது.

ஆள் ஏற்றும் விஷயத்துக்கு வருவோம். பின்பெட்டியில் ஆளை ஏற்றுவது குற்றம். பழைய காலத்தில் தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே கோயில் திருவிழாவுக்குப் போனோம், ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனவர்கள் வந்து சொல்லப்போவதில்லை. கெனோப்பி போட்டு மூடியிருக்கிறோம் என்பதும் சமாதானமல்ல. ஓடுகிற வண்டியின் பின்புறம் காற்று உள்வாங்கும், அதோடு எக்சோஸ் புகையும் உள்ளே வரும். தூங்குகிற பிள்ளை மயங்குவது வெளியே தெரியாது. பின்சீட்டிலும் பெல்ட் போடவேண்டும் என்பது 2009இலிருந்தும், சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020இலிருந்தும் நடைமுறைக்கு வந்த சட்டம். ஐந்து பேருக்கு மேலென்றால் இரண்டாவது வண்டி தேடுங்கள். அல்லது பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வேன் எடுங்கள்.

சாலைவரி, காப்புறுதி, லைசென்ஸ், டோல் அட்டையில் பணம் எல்லாம் முதல் நாளே பார்த்துவிட வேண்டியவை. வைப்பர் ரப்பரும் அப்படித்தான். பூசம் வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருவது. மாலையில் கொட்டினால் முன்னால் போகிற வண்டி தெரியாது.

புறப்பட்ட பின்னும் வேலை இருக்கிறது. மாச்சாப் ஓய்வுத்தளத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியிருந்தால் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நாலு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. கீழே குனிந்து ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடியுங்கள். அடுத்து பாகோ அல்லது ஆயர் குரோவில் எண்ணெய்க் குச்சி. ஓட்டுகிறவர் முதல் நாள் இரவு தூங்கியிருக்க வேண்டும். காவடிக்காரரே வண்டியும் ஓட்டுவது, அதுவும் விரதத்தோடு, வேண்டவே வேண்டாம்.

நின்றுபோனால் வண்டியை அவசரத் தடத்தின் இடது ஓரம் வரை ஒதுக்கி, விளக்கைச் சிமிட்டவிட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும். பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு டயர் மாற்றுவது மிகவும் தப்பு. 1800 88 0000 என்ற எண்ணுக்கு அழைத்தால் பிளஸ் நெடுஞ்சாலை ரோந்துக்காரர்கள் வருவார்கள். யாரென்று தெரியாத இழுவை லோரிக்காரர் தானாக வந்து நின்றால், இவ்வளவு என்று கூலி பேசாமல் கொக்கியை மாட்டவிடாதீர்கள்.

திரும்பி வந்ததும் சேஸைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, ஒரு 555 நோட்டு வாங்கி டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, மீட்டர் எண், பெல்ட் போட்ட நாள், டயர் வாங்கிய மாதம், எவ்வளவு எண்ணெய் குடித்தது, எந்தப் பட்டறை, எவ்வளவு காசு. மீட்டர் ஓடாத வண்டியானால் தேதி மட்டும் எழுதினாலும் போதும்.